கடைக்கொரு பொடியன்

மார்ச் 3, ஞாயிறு

சாப்பிடுகிறதை எல்லாம் எழுதி வையுங்கோ என்று கிளினிக்கில் தாதி சொன்னாள். சீனி வருத்தக்காரர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவார்களாம். நிரோஜினி அன்று பின்னேரமே ஒரு கொப்பி வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டாள். எனக்கு இருப்பது ஒரேயொரு மகள். சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

காலை: பாண், தேத்தண்ணி. மத்தியானம்: வெளியில்.

வெளியில் என்று எழுதுவதே எனக்குப் புதினம். கனடாவுக்கு, இந்த ஹமில்ட்டனுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலாகிறது. கம்பித் தொழிற்சாலை, வீடு, மாதத்தில் ஒருநாள் ஸ்காபரோக் கோயில், அவ்வளவுதான் நான் போய் வந்த இடங்கள். இந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நான் போய் இருந்ததில்லை. என் மனைவி பத்மா சமைத்தாள், நான் சாப்பிட்டேன். பத்மா கண்ணை மூடி ஆறேழு மாதமாகிறது.

இன்றைக்கு நிரோஜி, "வெளிக்கிடுங்கோ அப்பா, ஒரு இடத்துக்குப் போவம்" என்றாள். பார்ட்டன் வீதியில் ஒரு போர்த்துக்கீசப் பேக்கரி. வெளியில் பார்த்தால் பழைய மோட்டார்க் கராஜ் மாதிரி. உள்ளே வெண்ணெயும் கறுவாவும் மணக்கிறது. உள்ளங்கை அளவு பேஸ்ட்ரி ஒன்று, நடுவில் முட்டையும் பாலும் இறுகி மேலே கருகியிருந்தது. பாதிதான் சாப்பிடலாம் என்று சொல்லி மற்றப் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள்.

கடைக்காரன் ஒரு பொடியன். முப்பது வயதிருக்கும். தாடி. பெயர் நூனோ. "இவர்தான் என்ர அப்பா" என்று நிரோஜி ஆங்கிலத்தில் சொன்னதும் அவன் ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். "கடைசியில் வந்துவிட்டீர்கள்" என்றான்.

கடைசியில் என்றால் என்ன அர்த்தம்? என்னை எவ்வளவு காலமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தான்?

பிறகு இரண்டு பேரும் கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் கதைத்தார்கள். நான் திரும்பிப் பார்க்க நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

பாண். தேத்தண்ணி. போனில் கதைத்துக்கொண்டிருந்த நிரோஜி நான் படியிறங்கி வர வைத்துவிட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

வியட்நாம்காரரின் கடை. ஒரு சட்டி அளவு கோப்பையில் இறைச்சி ரசம், அதற்குள் அரிசி நூடில்ஸ், பக்கத்துத் தட்டில் பச்சை இலைகள். நானே பிய்த்துப் போட வேண்டுமாம். சாப்பிடச் சாப்பிட மூக்கு ஒழுகியது. நல்ல சாப்பாடு. அதை அவளிடம் சொல்லவில்லை.

பரிமாறிய பொடியன், "மிஸ்டர் குணா, உறைப்பு எப்படி?" என்று கேட்டான். நான் அவனுக்குப் பெயர் சொல்லவேயில்லை.

நிரோஜி கைகழுவப் போனவள் திரும்பி வரக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். குசினிக் கதவடியில் அந்தப் பொடியனோடு நிற்கிறாள். அவன் போனை எடுத்து அவள் சொல்லுகிறதைப் பதிந்துகொண்டிருக்கிறான். நான் மீன் தொட்டியைப் பார்க்கிற மாதிரி இருந்துவிட்டேன்.

"ஆர் அந்தப் பொடியன்?" என்று காரில் கேட்டேன்.

"ஆர், துவானோ? கடைக்காரற்ர மகன்."

"அவனுக்கு என்ன சொன்னனி?"

"சும்மா கதைச்சனான் அப்பா."

சும்மா கதைக்கிறதற்கு யார் போனில் பதிகிறார்கள்?

மார்ச் 11, திங்கள்

யோகநாதன் போன் எடுத்தார். கம்பித் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவர், இப்போது ஸ்காபரோவில் மகனோடு இருக்கிறார். கேட்காவிட்டாலும் சொல்லுகிற மனுசன். நான் நடந்ததைச் சொல்லிக் கேட்டே விட்டேன்.

"உமக்கு விளங்கேல்லையே குணசிங்கம்?" என்றார். "பொடியனை நேர கொண்டுவந்து நிப்பாட்டினால் நீர் குதிப்பீரெண்டு அவளுக்குத் தெரியும். அதுதான் வயித்தால வாறாள். முதல் சாப்பாடு, பேந்து சம்மதம்."

"ரெண்டு கடை, ரெண்டு பொடியன் எல்லோ?"

"ஒண்டை மறைக்கத்தான் மற்றது."

அது எனக்குப் படவில்லை. ஆனாலும் மனுசன் சொல்லுகிறதில் ஒரு நியாயம் இருக்கிறது.

வேற்று இனத்துப் பொடியன் என்பதல்ல என் ஆட்சேபம். எனக்குத் தெரியாமல் என்பதுதான். கட்டினால் கட்டட்டும். எங்கே இருப்பார்கள் என்றும் யோசித்துப் பார்த்தேன். மேல் அறை பெரிது. கட்டிலை யன்னல் பக்கம் தள்ளிப் போட்டால் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். நான் கீழே படுப்பேன். எனக்கு ஒரு கரைச்சலுமில்லை.

மார்ச் 14, வியாழன்

காலையில் குசினி நிலத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன். தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போன இடத்தில் இருக்க வேண்டும் போலிருந்தது, இருந்தேன். நிரோஜி இறங்கி வந்து பார்த்துவிட்டு வீணாகப் பயந்துவிட்டாள். ஒரேஞ் யூஸ் பருக்கினாள். அவள் அவசரத்தில் என் சேட் எல்லாம் யூஸ்.

"ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?"

"சோறு."

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சோறு அப்படியே இருந்தது. பெட்டியை மூடினாள்.

மார்ச் 17, ஞாயிறு

எரித்திரியாக்காரரின் கடை. எங்களுடைய தோசைக்குப் பெரியண்ணன் மாதிரி ஒன்று, தட்டு நிறையப் பரப்பி, அதற்கு மேலே நாலைந்து கறி. புளிச்ச மணம். உடம்பெல்லாம் துளை. கரண்டி கிடையாது. ஒரே தட்டில் அவளும் நானும் கையால் பிய்த்துச் சாப்பிட்டோம். சின்ன வயதில் அவள் என் கோப்பைக்குள்தான் கை போடுவாள். பருப்புக் கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

கடைக்காரர் யோனாஸ், தலை நரைக்கத் தொடங்கிய ஆள். இவர் பொடியன் இல்லை. இவளுக்கு வயது பொருந்தாது என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தேன். அப்போதுதான் நிரோஜி அவரிடம் கேட்டது காதில் விழுந்தது: "அவர் வரும்போது இந்த மேசையையே கொடுக்க முடியுமா? ஹீட்டருக்குப் பக்கத்தில் என்றால் நல்லது."

யோனாஸ் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

"ஆர் வரப்போறது?" என்று தமிழில் கேட்டேன்.

"ஆருமில்லை அப்பா. சாப்பிடுங்கோ."

ஆகவே பொடியன் இந்த மூன்று கடையிலும் இல்லை. வேறெங்கேயோ இருக்கிறான். வரப்போகிறான். குளிர் தாங்காதவன். அவனை எனக்குக் காட்டுகிற இடம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டாள். யோகநாதனுக்குச் சொன்னேன். "அப்ப இந்தியப் பொடியனா இருக்கும்" என்றார்.

மார்ச் 20, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நிரோஜி வேலைக்குப் போன பிறகு சட்டை மாற்றி, தொப்பி போட்டு, பஸ் எடுத்துப் போர்த்துக்கீசப் பேக்கரிக்குப் போனேன். விசயம் தெரிந்தவன் நூனோதான் என்று மனம் சொன்னது. "கடைசியில் வந்துவிட்டீர்கள்" என்று சொன்னவன் அவன் அல்லவா.

மூலையில் இருந்தேன். இரண்டு கிழவர் கோப்பி குடித்துக்கொண்டு பந்தாட்டம் பார்த்தார்கள். நூனோ என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, நான் ஒன்றும் கேட்க முதலே ஒரு கோப்பை சூப் கொண்டுவந்து வைத்தான். உருளைக்கிழங்கை மசித்து, ஏதோ கீரையை நூலாக வெட்டிப் போட்ட சூப்.

"நான் பேஸ்ட்ரிக்கு வந்தேன்" என்றேன். என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். அவனுடையதும் அப்படித்தான்.

"முதலில் சூப். பிறகு பாதி தருகிறேன்."

"ஏன் பாதி?"

"நிரோ சொன்னாள்."

நிரோ. பத்மாவைத் தவிர அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. எனக்குத் தலை சுட்டது.

"தம்பி, நேரே கேட்கிறேன். நீ என் மகளைக் கட்டப் போகிறாயா?"

அவன் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்துவிட்டான். பந்தாட்டக் கிழவர்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். முழங்கைவரை மாவோடு ஒரு பெண் வந்தாள். வயிறு நல்ல பெரிதாக இருந்தது, ஏழு எட்டு மாதம் இருக்கும்.

"இது கிளாரா. என் மனைவி" என்றான். அவளுக்குத் தங்கள் பாசையில் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"உங்கள் மகள்தான் ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்கான் செய்தவள்" என்றாள் கிளாரா. "அப்படித்தான் பழக்கம். நல்ல பிள்ளை. நீங்கள் கவலைப்படாதீர்கள் மிஸ்டர் குணா, அவள் வன்கூவர் போன பிறகு புதன்கிழமையில் நீங்கள் இங்கே சாப்பிடலாம். நீங்கள் வராவிட்டால் நாங்கள் போன் பண்ணுவோம், எடுக்காவிட்டால் நூனோ வந்து கதவைத் தட்டுவான். மற்ற நாட்களுக்கு மற்றக் கடைகள்."

"வன்கூவர் போன பிறகா?" என்றேன். நாட்டின் மற்றக் கரை அது.

கிளாரா மாவுக் கையால் வாயைப் பொத்தினாள்.

சூப்பை முழுதாகக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை. அதை வைத்துவிட்டு எழும்பிப் போகக் கூச்சமாக இருந்தது. நூனோ பேஸ்ட்ரியை வெட்டாமல் முழுதாகவே கொண்டுவந்து வைத்தான். அதைத் தொடவில்லை.

மார்ச் 22, வெள்ளி

அவளோடு கதைக்கவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற மாதிரி என்னை நாளுக்கொரு கடையில் விடப் பார்த்திருக்கிறாள். அந்த வியட்நாம் பொடியன் பதிந்தது என் பெயர், என் வருத்தம், என் நம்பர். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கப் போகிற ஆளும் நான்தான். ஊரெல்லாம் என்னைப் பற்றித் தெரிகிறது, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

வேறு பொடியன் யாரும் இல்லை. இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மார்ச் 24, ஞாயிறு

காரை எடுத்துக்கொண்டே, "இண்டைக்கு ஒரு போலந்துப் பேக்கரி அப்பா, கம்பு மாவில பாண் போடுவினம், உங்களுக்கு நல்லது" என்றாள்.

"அங்கை ஆரிட்டை என்னை ஒப்படைக்கப் போறாய்?"

பார்ட்டன் வீதியில் ஓரமாக நிறுத்தினாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் உடனே தெரிந்துவிட்டது.

"நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை" என்றாள்.

"கடையெல்லாம் பிடிச்சு முடிஞ்சுது. ஓம் மட்டும் மிச்சமோ?"

"அப்பா, வன்கூவர்ப் பிள்ளையள் ஆஸ்பத்திரி. போன வருசமும் வேலைக்குக் கேட்டவை. அம்மாவுக்கு ஏலாமல் இருந்தது, விட்டனான். இந்த முறை ஏப்ரல் முடிய முதல் மறுமொழி சொல்லோணும். நீங்கள் தனிய இருந்து சாப்பிடுவியள் எண்டு தெரிஞ்சால் சொல்லுவன், இல்லாட்டி விடுவன். அதைப் பாக்கத்தான் இவ்வளவும்."

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் என்ன சொல்லுவியள்? போ பிள்ளை, எனக்கு ஒரு கரைச்சலுமில்லை எண்டுவியள். பேந்து அந்த நிலத்தில கிடப்பியள். நான் இல்லாத நேரம் விழுந்தால் ஆருக்கப்பா தெரியும்? பக்கத்து வீட்டுக்காரற்ர பேர் தெரியுமோ உங்களுக்கு?"

"நான் விழேல்லை. இருந்தனான்."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் இறங்கி நடந்தேன். பின்னால் கூப்பிட்டாள். திரும்பவில்லை.

நல்ல குளிர். கோபத்தில் கையுறையைக் காரில் விட்டுவிட்டேன். எங்களுடைய தொழிற்சாலைப் பக்கம் வந்தேன். பாதியை இடித்துவிட்டார்கள், மற்றப் பாதியில் யாரோ படகுகளை நிறுத்தி வைக்கிறார்கள். அதைத் தாண்டி, வெங்காயம் மாதிரிக் கோபுரம் வைத்த உக்ரேனியத் தேவாலயம். அந்த வழியால் எத்தனை வருசம் வேலைக்குப் போயிருப்பேன், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. பக்கக் கதவு திறந்து கிடந்தது. கீழே நிலவறையிலிருந்து வெங்காயம் வதக்குகிற மணம். காது விறைத்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

நீள மேசைகள். பூசை முடிந்து வந்த சனம் சாப்பிடுகிறது. தலையில் துண்டு கட்டிய பெரிய உடம்புக்காரி ஒருத்தி, என்னைவிட நாலைந்து வயது மூப்பாக இருக்கலாம், என்னைப் பார்த்து, "ஏன் நிற்கிறாய்? இரு" என்றாள். கொழுக்கட்டை மாதிரி மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து அவித்து, மேலே வெங்காயம் கொட்டிய ஒரு தட்டு. பக்கத்தில் தயிர் மாதிரி ஒன்று. நான் அதைத் தொடாமல் சாப்பிட, அவள் வந்து ஒரு அகப்பை அதை ஊற்றிவிட்டுப் போனாள். கேட்கவில்லை.

வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் எழும்பினேன். அவளுக்கு என் பெயர் தெரியாது. என் சீனி தெரியாது. நான் யாரென்றே தெரியாது.

நான் வெளிக்கிடும்போது, "சனிக்கிழமை மாவு மடிக்க ஆள் வேண்டும். கை இருக்கிறது தானே உனக்கு?" என்றாள். பெயர் ஓல்ஹா.

வீட்டுக்கு வர நிரோஜி வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. "எங்கை போனனீங்கள்?"

"சும்மா நடந்தனான்."

மார்ச் 30, சனி

மாவு மடித்தேன். என் கை தன்பாட்டில் கொழுக்கட்டைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி வைத்துவிட்டது. ஓல்ஹா பார்த்துவிட்டு, "இது என்ன, தொப்பியா?" என்றாள். இவர்களுடையது சாதாரண அரைவட்டம், ஓரத்தை அழுத்தினால் போதும். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். சாப்பிட முதல் சீனிக் குளிசையைப் போட்டேன். ஓல்ஹாவும் அதே குளிசையை எடுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 3, புதன்

நூனோ போன் பண்ணினான். அவனுக்கு என் நம்பர் தெரியுமென்பது இப்போது அதிசயமில்லை. "வரவில்லையா?" என்றான். போனேன். அன்றைக்குக் கிளாராவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தது சரியில்லை. சூப்.

ஏப்ரல் 6, சனி

பின்னேரம் நிரோஜி என் கோட்டைக் கொளுவப் போனவள் முகர்ந்து பார்த்தாள்.

"வெங்காயம் மணக்குது."

"இருக்கும்."

"கையில மா. போன சனியும் வீட்டில இல்லை. எங்கையப்பா போறியள்?"

"சும்மா."

"ஆரோட?"

"ஆருமில்லை."

பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரவுச் சாப்பாடு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை எழுதாமல் விட முடியவில்லை. சோறு இரண்டாம் தரமும் போட்டேன். அதையும் சந்தேகமாகப் பார்த்தாள்.

யோகநாதனிடமும் விசாரித்திருக்கிறாள். அவர் எனக்கு எடுத்து, "உக்ரேன்காரியோ?" என்கிறார். தேவாலயத்தைப் பற்றி நான்தான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப்பிறப்பு. காலையில் பத்மாவின் படத்துக்குப் பூ வைத்தோம். பிறகு, "வெளிக்கிடு பிள்ளை, ஒரு இடத்துக்குப் போவம்" என்றேன். கார் வேண்டாம் என்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். இறங்குகிற இடம் வரை எங்கே என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

நிலவறைப் படி இறங்கியதும் சனிக்கிழமை மாவு மடிக்கிற பெண்கள் "குணா!" என்றார்கள். நிரோஜி படியிலேயே நின்றுவிட்டாள்.

ஓல்ஹா வந்து அவளை மேலும் கீழும் பார்த்து, "யார் இந்தப் பெண்?" என்று என்னைக் கேட்டாள்.

"இவள்தான் என் மகள்."

"மெலிவு" என்று சொல்லிவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

சாப்பிடும்போது நிரோஜி அந்த மேசைகளைச் சுற்றிப் பார்த்தாள். "இவைக்கு உங்கட வருத்தம் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியும். நான்தான் சொன்னனான்."

"விழுந்ததும் தெரியுமோ?"

வெங்காயத்தைத் தட்டில் ஒதுக்கினேன். "ரெண்டு தரம் விழுந்தனான் எண்டு சொன்னனான். ஒண்டு உனக்குத் தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். நான் நடிக்கிறேனா, அவளை அனுப்புவதற்காக இவ்வளவும் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறேனா என்று தேடுகிற பார்வை. தேடட்டும் என்று இருந்தேன்.

"நான் போனால் இஞ்சை வருவியளோ?"

"நீ கூட்டிக்கொண்டு வந்தோ நான் இஞ்சை வந்தனான்?"

தலையைக் குனிந்துகொண்டாள். ஓல்ஹா கேட்காமலே அவளுடைய தட்டிலும் ஒரு அகப்பை ஊற்றினாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஓம் என்று எழுதி அனுப்பிவிட்டாளாம். நல்லது என்றேன். கராஜுக்குள் போய்ச் சாமான்களை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

விமான நிலையத்துக்கு நூனோ காரில் கூட்டிக்கொண்டு போனான். கிளாரா பிள்ளையோடு பின்சீட்டில் வந்தாள். நிரோஜி உள்ளே போகும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் பயமாக இருந்தது. இந்தக் கொப்பியில் இதுவரை அந்தச் சொல்லை எழுதவில்லை. பயம்தான். மார்ச் மாதத்திலிருந்து அதுதான். எழுதிவிட்டேன்.

பின்னேரம் அவள் போன் எடுத்தாள். அறைச் சாவி கிடைத்துவிட்டதாம். மழையாம். யன்னலால் மலை தெரிகிறதாம்.

"அப்பா, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். நீ?"

"இல்லை. இஞ்சை எனக்கு ஒரு இடமும் தெரியாதப்பா" என்றாள். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"வெளியில இறங்கு" என்றேன். "முதல் தெரியிற கடைக்குள்ள போ. பேரைச் சொல்லு. புதுசா வந்தனான் எண்டு சொல்லு."

"தனியவோ?"

"நான் போனை வைக்காமல் இருக்கிறன்."

படியிறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு மழை. பிறகு கனதூரம் நடந்தாள். ஒரு கதவு திறந்து, உள்ளே கோப்பைகளின் சத்தமும் ஆட்களின் பேச்சும் வந்தது. யாரோ அவளிடம் எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

"ஒராள்" என்றாள்.

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.